சர்க்கரைக்கு மாத்திரை, எலும்புக்கு நுண்ணுயிரா?

அடாப்ட் என்ற மருந்து ஆய்வுக்கும் எலும்புக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்கக் கூடாது. சர்க்கரை நோய் அண்மையில் கண்டறியப்பட்ட 4,360 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரோசிகிளிட்டசோன், ஒன்றுக்கு மெட்ஃபார்மின், ஒன்றுக்கு கிளைபுரைடு கொடுத்தார்கள். எந்த மாத்திரை அதிக காலம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். சுமார் 4 ஆண்டுகள் ஓடிய அந்த ஆய்வின் முடிவு 2006 டிசம்பரில் வந்தது. பந்தயத்தில் ஜெயித்தது ரோசிகிளிட்டசோன். ஆனால் பக்கவிளைவுகளைக் கூட்டிப் பார்த்தபோது ஒரு கணக்கு இடித்தது. ரோசிகிளிட்டசோன் எடுத்த பெண்களில் 9.3 சதவீதம் பேருக்கு எங்கோ ஓர் எலும்பு முறிந்திருந்தது. மெட்ஃபார்மின் எடுத்த பெண்களில் 5.1 சதவீதம், கிளைபுரைடு எடுத்தவர்களில் 3.5 சதவீதம். ஆண்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. முறிந்த இடங்களும் வழக்கத்துக்கு மாறானவை. வயதான பெண்களுக்கு இடுப்பும் முதுகெலும்பும்தான் முறியும் என்று எதிர்பார்ப்போம். இங்கே மேல்கை, கை, பாதம்.

சர்க்கரையைக் குறைக்க வந்த மாத்திரை எலும்பை ஏன் தொட்டது என்பதற்கு இன்று ஓரளவு நல்ல விடை இருக்கிறது. தொடாமல் தடுக்க முடியுமா என்ற அடுத்த கேள்விக்குத்தான் பலரும் பலவிதமாகப் பதில் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று குடலிலிருந்து வருகிறது: புரோபயாடிக். போதுமான அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் என்று அதற்கு இலக்கணம் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையோடு இதையும் சேர்த்து விழுங்கினால் எலும்பு பிழைக்கும் என்பது வாதம். முதலில் கேட்டபோது இன்னொரு விளம்பர வித்தை என்றுதான் நினைத்தேன். உள்ளே இறங்கிப் பார்த்தபோது அப்படித் தள்ளிவிட முடியவில்லை. யோசனை கெட்டியானது. சான்றுதான் எலிக் கூண்டைத் தாண்டி அதிக தூரம் வரவில்லை.

நோயின் பங்கு

மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் நோயைப் பார்த்துவிட வேண்டும். முதல் வகை நீரிழிவில் எலும்பின் அடர்த்தியே குறைகிறது, அதனால் முறிவு கூடுகிறது. இதில் புதிர் ஏதும் இல்லை. இரண்டாம் வகையில்தான் வேடிக்கை. ஸ்கேன் எடுத்தால் அடர்த்தி சாதாரணமாக இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனாலும் எலும்பு முறிவது, அதே அடர்த்தி கொண்ட மற்றவர்களைவிட அதிகம்.

காரணத்தை ஒரு கட்டடத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். எலும்பில் கால்சியம் உப்புகள் கான்கிரீட் மாதிரி, கொலாஜன் என்ற புரதம் உள்ளே போகும் கம்பி மாதிரி. ரத்தத்தில் பல ஆண்டுகள் மிகையாக இருக்கும் சர்க்கரை கொலாஜனோடு ஒட்டிக்கொண்டு, இழைகளைத் தாறுமாறாகப் பிணைத்து, வளையும் தன்மையைக் கெடுக்கிறது. அடர்த்தி ஸ்கேன் எண்ணுவது கான்கிரீட்டை மட்டுமே. கம்பி துருப்பிடித்தது அதற்குத் தெரியாது. இதோடு, இரண்டாம் வகை நீரிழிவில் எலும்பைப் புதுப்பிக்கும் வேலையே மந்தமாகிவிடுகிறது. பழைய எலும்பு கரைவதும் மெதுவாக, புதிய எலும்பு உருவாவதும் மெதுவாக. நுண்விரிசல்கள் பழுதுபார்க்கப்படாமல் சேர்கின்றன. அப்புறம் விழுவது: நரம்புப் பாதிப்பால் பாதத்தில் உணர்வு குறைவு, பார்வைக் குறைவு, சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வரும் தலைச்சுற்றல். இன்சுலினும் கிளைபுரைடு போன்ற மாத்திரைகளும் எலும்பை நேரடியாகக் கெடுக்காவிட்டாலும், தாழ்சர்க்கரை வழியாக ஆளைக் கீழே தள்ளி எலும்பை உடைக்க முடியும்.

ஒரு சின்னத் தகவல். பத்தாண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பைக் கணக்கிட உலகெங்கும் பயன்படும் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பானில் இரண்டாம் வகை நீரிழிவுக்கென்று தனிக் கட்டமே இல்லாமல் இருந்தது. அதனால் நிபுணர்கள் ஒரு குறுக்கு வழி சொன்னார்கள்: நோயாளிக்கு முடக்குவாதம் இருக்கிறதா என்ற கட்டத்தில், இல்லாவிட்டாலும், ‘ஆம்’ என்று குறியிடுங்கள், விடை ஏறக்குறைய சரியாக வரும். ஒரு நோயின் ஆபத்தைக் கணக்கில் சேர்க்க இன்னொரு நோயை இரவல் வாங்க வேண்டியிருந்தது. சர்க்கரை நோயாளியின் எலும்பு எவ்வளவு காலம் கண்ணில் படாமல் கிடந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மருந்துக்கு மருந்து வேறு கதவு

‘நீரிழிவு மருந்து எலும்பைக் கெடுக்கும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு, ஆபத்தும்கூட. அதைக் கேட்டுப் பயந்து யாராவது மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டால் பெரிய கேடு. மெட்ஃபார்மின் எலும்பைப் பொறுத்தவரை சாதுவான மருந்து. நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அதைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எலும்போடு நேரடியாக மோதுவது கிளிட்டசோன் குடும்பம். அதில் ரோசிகிளிட்டசோனை இதயப் பிரச்சினைகளை முன்னிட்டு 2010இல் ஐரோப்பா சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. பியோகிளிட்டசோன் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. இந்த மருந்துகள் பிபார்-காமா என்ற உட்கரு ஏற்பியை முடுக்கிவிட்டு வேலை செய்கின்றன. கொழுப்புச் செல் உருவாவதற்கான பொத்தான் அது. அதை அழுத்தினால் இன்சுலினுக்கு உடல் நன்றாகக் கட்டுப்படும். சிக்கல் எலும்பு மஜ்ஜையில் வருகிறது. அங்கே இருக்கும் ஒருவகை மூலச்செல்லுக்கு இரண்டு வாழ்க்கை உண்டு: எலும்பு கட்டும் செல்லாகலாம், இல்லை கொழுப்புச் செல்லாகலாம். பிபார்-காமா அதைக் கொழுப்பின் பக்கம் இழுக்கிறது. மஜ்ஜையில் கொழுப்பு ஏறுகிறது, கட்டுமான ஆட்கள் குறைகிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கம் இழுக்கும் கயிறும் மஜ்ஜையிலேயே இருக்கிறது. வின்ட் என்ற சமிக்ஞைக் குடும்பம் அது. குறிப்பாக வின்ட்-10பி என்ற புரதம் மூலச்செல்லைக் கொழுப்பாக விடாமல் எலும்பின் பக்கம் திருப்பும். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், குடலுக்குப் போகும்போது மறுபடி வரும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதை 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மாதவிடாய் நின்ற, ஆரோக்கியமான 50 பெண்களுக்கு 14 வாரம் ரோசிகிளிட்டசோனோ போலி மாத்திரையோ கொடுத்தார்கள். எலும்பு உருவாவதைக் காட்டும் ரத்தக் குறியீடுகள் முதல் நான்கு வாரங்களிலேயே இறங்கின. இடுப்பெலும்பின் அடர்த்தி மருந்து எடுத்தவர்களிடம் 1.9 சதவீதம் குறைந்தது, மற்றவர்களிடம் 0.2 சதவீதம். பியோகிளிட்டசோனும் விதிவிலக்கு அல்ல. பக்கவாதம் வந்து மீண்ட, இன்னும் நீரிழிவு வராத 3,876 பேரை வைத்து நடந்த ஐரிஸ் ஆய்வு 2016இல் வெளியானது. அந்த மருந்து மறுபடி பக்கவாதமும் மாரடைப்பும் வருவதைக் குறைத்தது. கூடவே, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கோ அறுவை செய்யும் அளவுக்கோ போன எலும்பு முறிவு 3.2 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாக ஏறியது. அவர்களுக்கு நீரிழிவே இல்லை என்பதால் பழியை நோயின் மேல் போட முடியாது.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 மருந்துகளின் கதை இவ்வளவு தெளிவாக இல்லை. கேனாகிளிஃப்ளோசின் பற்றிய கேன்வாஸ் ஆய்வில் ஆயிரம் பேர் ஓராண்டு எடுத்தால் 15.4 முறிவு, போலி மாத்திரையில் 11.9 என்று வந்தது. அதே மருந்தை வைத்துச் சிறுநீரக நோயாளிகளிடம் நடந்த கிரெடன்ஸ் ஆய்வில் அந்த வித்தியாசம் காணவில்லை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டிலும் தெளிவான எச்சரிக்கை எழவில்லை. ஆபத்து இருந்தால் அதன் வழி பாஸ்பேட் உப்பு உடலில் தங்குவதும், அதையொட்டி ஹார்மோன்கள் மாறுவதும், எடை குறைவதும் என்று நினைக்கிறார்கள். சர்க்கரையோடு பசியையும் எடையையும் குறைக்கும் ஜிஎல்பி-1 ஊசிகளில் எலும்புக்கு நேரடித் தீங்கு தெரியவில்லை. ஆனால் எடை வேகமாக இறங்கினால் எலும்பும் கொஞ்சம் கூடவே இறங்கும். எலும்பு தாங்கவேண்டிய சுமை குறைந்துவிட்டதே.

ஆக, கதவுகள் வேறு வேறு. பூட்டும் வேறு வேறாகத்தான் இருக்க முடியும். புரோபயாடிக் எந்தக் கதவுக்கான பூட்டு என்பதைச் சொல்லாமல் ‘நீரிழிவு மருந்தால் வரும் எலும்பு இழப்பைத் தடுக்கும்’ என்று எழுதப்பட்டிருந்தால் அந்த வாக்கியத்தைச் சந்தேகப்படலாம்.

குடலுக்கு எலும்பில் என்ன வேலை

2012இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நுண்ணுயிர்கூடப் படாமல் வளர்த்த எலிகளுக்கு, சாதாரண எலிகளைவிட எலும்பு அதிகம். அவற்றின் குடலில் நுண்ணுயிர்களைக் குடியேற்றியதும் எலும்பு சாதாரண அளவுக்கு இறங்கிவிட்டது. ‘நல்ல பாக்டீரியா எலும்பை வளர்க்கும்’ என்ற விளம்பர வாசகத்துக்கு இது நேர் எதிர். நுண்ணுயிர்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்புகின்றன, விழித்த செல்கள் எலும்பு கரைக்கும் செல்களை ஊக்குவிக்கின்றன என்பது விளக்கம். நாலு ஆண்டு கழித்து வேறொரு குழு, நுண்ணுயிர் குடியேறி நீண்ட காலம் ஆன எலிகளில் எலும்பு உருவாவதும் சேர்ந்து கூடுகிறது என்று காட்டியது. கரைப்பு, கட்டுமானம் இரண்டின் வேகத்தையும் குடல் கூட்டுகிறது. எது முந்தும் என்பது எந்த நுண்ணுயிர், எத்தனை நாள், யாருடைய உடல் என்பதைப் பொறுத்தது. ஒற்றை வரியில் அடங்காத விஷயம் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

புரோபயாடிக்குக்கு ஆதரவான வலுவான வாதம் 2016இல் வந்தது. எலிகளில் பாலின ஹார்மோனை நிறுத்தினால் எலும்பு கரையும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நடப்பது போலவே. ஆனால் நுண்ணுயிர் இல்லாத எலிகளில் ஹார்மோனை நிறுத்தியும் எலும்பு கரையவில்லை. ஹார்மோன் போனதும் குடல் சுவர் கசியத் தொடங்குகிறது, பாக்டீரியாத் துணுக்குகள் உள்ளே நுழைகின்றன, அழற்சி கிளம்புகிறது, அந்த அழற்சிதான் எலும்பைக் கரைக்கிறது என்பது தெரிந்தது. சாதாரண எலிகளுக்கு லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி என்ற நுண்ணுயிரைக் கொடுத்ததும் சுவர் இறுகியது, எலும்பு தப்பியது. அதே நுண்ணுயிரின் மரபணு மாற்றிய பதிப்பு பலிக்கவில்லை. புரோபயாடிக் அல்லாத ஒரு ஈ.கோலையும் பலிக்கவில்லை. ஏதோ ஒரு பாக்டீரியா போதும் என்பது இல்லை.

2018இல் அதே குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். இந்த நுண்ணுயிரைக் கொடுத்தால் குடலில் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம் கூடுகிறது. அது அழற்சியை அடக்கும் டி செல்களை, அதாவது நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒருவகை வெள்ளணுக்களை, பெருக்குகிறது. அவை மஜ்ஜையில் இன்னொரு வகை டி செல்லைத் தூண்ட, அந்தச் செல் ஒரு புரதத்தைச் சுரந்து எலும்பைக் கட்டவைக்கிறது. எந்தப் புரதம்? வின்ட்-10பி.

இப்போது 2015இல் வந்த ஒரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வகை நீரிழிவு உண்டாக்கப்பட்ட ஆண் எலிகளில் மூன்று விஷயம் நடந்தது: எலும்பு குறைந்தது, மஜ்ஜையில் கொழுப்பு ஏறியது, எலும்பில் வின்ட்-10பி இறங்கியது. லாக்டோபேசிலஸ் ராய்ட்டரி என்ற நுண்ணுயிரைக் கொடுத்தபோது மூன்றுமே தடுக்கப்பட்டன. எலும்பில் வின்ட்-10பி எப்போதும் அதிகமாக இருக்கும்படி மாற்றிய எலிகளுக்கு நீரிழிவு வந்தும் எலும்பு இழப்பு வரவில்லை. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம்தான் வின்ட்-10பியை அமுக்குகிறது, ராய்ட்டரி அந்த அமுக்கலைத் தளர்த்துகிறது என்பது அவர்கள் கண்ட வழி.

கிளிட்டசோன் மாத்திரை மூலச்செல்லைக் கொழுப்பின் பக்கம் இழுக்கிறது, ராய்ட்டரி எதிர்ப்பக்கக் கயிற்றை உறுதியாக்குகிறது. யோசனை கெட்டியானது என்று சொன்னது இதைத்தான். துணைமருந்துச் சந்தையில் விற்கும் பல பொருட்களுக்கு இதில் பாதி அளவு தர்க்கம்கூட இருக்காது. ஸ்டீராய்டு மருந்தால் வரும் எலும்பு இழப்பையும் எலிகளில் இதே ராய்ட்டரி தடுத்திருக்கிறது. மருந்து எலும்பைத் தின்பதை ஒரு நுண்ணுயிர் தடுக்க முடியும் என்ற கருத்துக்கு அது நேரடி முன்மாதிரி.

ஒரு இடத்தில் மட்டும் நிதானிக்க வேண்டும். அந்த நீரிழிவு எலிகளில் வின்ட்-10பியை அமுக்கியது அழற்சி. கிளிட்டசோன் அழற்சி வழியாக வருவதில்லை. அது ஏற்பியில் நேராகப் போய் உட்கார்ந்து செல்லின் தலையெழுத்தை மாற்றுகிறது. ஏன், அந்த மருந்துக்கு அழற்சியைக் குறைக்கும் குணம்கூட உண்டு. கயிறு ஒன்றுதான், இழுக்கும் கை வேறு. ஒன்றைத் தடுத்தது மற்றதையும் தடுக்குமா என்பதைச் செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும், ஊகித்துச் சொல்ல முடியாது. எஸ்ஜிஎல்டி2 மருந்துகளின் பாஸ்பேட் கதவில் இந்தக் கயிறே இல்லை. அங்கே புரோபயாடிக்கிடம் எதிர்பார்க்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இன்னொன்று. ஆரோக்கியமான எலிகளுக்கு ராய்ட்டரி கொடுத்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் ஆண் எலிகளின் எலும்பு மேம்பட்டது, பெண் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடாப்ட் ஆய்வில் எலும்பு முறிந்தது பெண்களுக்கு.

எலியைத் தாண்டி

மனித ஆய்வுகள் குறைவு, ஆனால் நன்றாக நடத்தப்பட்டவை சில உண்டு. முதலாவது 2018இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. 75 முதல் 80 வயதுக்குள் இருந்த, எலும்பு அடர்த்தி குறைந்த 90 பெண்கள் ஓராண்டு கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 1,000 கோடி ராய்ட்டரி, 6475 என்ற குறியீடு கொண்ட வகை. மீதிப் பேருக்குப் போலிப் பொடி. கீழ்க்கால் எலும்பின் அடர்த்தி போலிப் பொடி எடுத்தவர்களிடம் 1.85 சதவீதம் குறைந்தது, ராய்ட்டரி எடுத்தவர்களிடம் 0.83 சதவீதம். இழப்பு நிற்கவில்லை, ஆனால் பாதிக்கும் கீழே வந்தது. செய்தி உலகெங்கும் ஓடியது, ஓடவேண்டிய செய்திதான்.

அடுத்த ஆண்டு, மாதவிடாய் நின்று அதிக காலம் ஆகாத 249 பெண்களிடம் மூன்று லாக்டோபேசிலஸ் வகைகளின் கலவையைச் சோதித்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்களின் இடுப்பு முதுகெலும்பில் ஓராண்டில் 0.72 சதவீதம் குறைந்தது, நுண்ணுயிர் எடுத்தவர்களிடம் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை. தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த இடம்தான் முறிந்தால் ஆளைப் படுக்கையில் போடும் இடம்.

பிறகு 2024 வந்தது. அதே ராய்ட்டரி 6475, இந்த முறை 239 பெண்கள், மாதவிடாய் நின்ற ஆரம்ப ஆண்டுகளில் இருந்தவர்கள், இரண்டு அளவுகள், இரண்டு ஆண்டுகள். முந்தைய ஆய்வைவிடப் பெரிது, நீண்டது. விளைவு: ஒன்றும் இல்லை. குறைந்த அளவும் பலிக்கவில்லை, அதிக அளவும் பலிக்கவில்லை.

முதல் ஆய்வு பொய், இரண்டாவது மெய் என்று ஒரே வெட்டாக வெட்டிவிட முடியாது. 78 வயது உடலும் 55 வயது உடலும் ஒன்றல்ல. மாதவிடாய் நின்ற உடனே ஹார்மோன் வீழ்ச்சி எலும்பைக் கரைக்கும் வேகம் அதிகம். அந்த வெள்ளத்தில் ஒரு பொடியின் சிறு உதவி அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். முதுமையில் அழற்சிக்குப் பங்கு அதிகம் என்பதால் அங்கே உதவி தெரிந்திருக்கலாம். இவையெல்லாம் விளக்கங்கள், நிரூபணங்கள் அல்ல. பெரிய, நீண்ட ஆய்வு ‘இல்லை’ என்று சொன்ன பிறகு நம்பிக்கையின் சுருதியைக் குறைத்துக்கொள்வதுதான் முறை. 2018ஐ மட்டும் மேற்கோள் காட்டி 2024ஐப் பேசாத விளம்பரத்தைப் பார்த்தால் அங்கேயே வாசிப்பதை நிறுத்திவிடலாம்.

இந்த மூன்று ஆய்வுகளுமே மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பைப் பற்றியவை. நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களின் எலும்பைக் காக்குமா என்று கேட்டு நடத்தப்பட்டவை அல்ல. மூன்றும் அளந்தது அடர்த்தியை, முறிவை அல்ல. இரண்டாம் வகை நீரிழிவில் அடர்த்தி எப்படி ஏமாற்றும் என்று மேலே பார்த்தோம். கான்கிரீட்டை அளந்து கம்பியைப் பற்றிச் சொல்வது அங்கே இன்னும் கடினம்.

மெட்ஃபார்மின் உழுத நிலம்

மாதவிடாய் ஆய்வின் முடிவை அப்படியே நீரிழிவு நோயாளிக்குப் பொருத்த முடியாததற்கு இன்னொரு காரணம் உண்டு. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்கள் மற்றவர்களுடையதிலிருந்து மாறுபட்டவை என்று ஒரு கட்டத்தில் ஆய்வுகள் வரிசையாகச் சொல்லின. நோயின் கைரேகை கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். 2015இல் ஒரு பன்னாட்டுக் குழு பல நாட்டுத் தரவுகளை மருந்து வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்தக் கைரேகையில் ஒரு பகுதி நோயினுடையது அல்ல, மெட்ஃபார்மினுடையது என்று தெரிந்தது. மெட்ஃபார்மின் குடலை அந்த அளவுக்கு மாற்றுகிறது. ஈ.கோலை குடும்பம் கூடுகிறது, குடல் சளியில் வாழும் அக்கர்மான்சியா என்ற நுண்ணுயிர் கூடுவதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. மருந்தின் சர்க்கரை குறைக்கும் வேலையில் ஒரு பங்கு குடல் வழியாகவே நடக்கிறது என்றும் இப்போது சொல்கிறார்கள்.

பியோகிளிட்டசோன் எடுப்பவர் பெரும்பாலும் மெட்ஃபார்மினும் எடுப்பார். அப்படியென்றால் அவர் விழுங்கும் புரோபயாடிக் போய்ச் சேரும் நிலம் ஏற்கெனவே ஒருமுறை உழப்பட்டது. அங்கே விதை இன்னும் நன்றாக முளைக்குமா, முளைக்கவே முளைக்காதா என்பதற்கு மருந்து எடுக்காத பெண்களின் முடிவு பதில் சொல்லாது. சர்க்கரை விஷயத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 409 பேரிடம் நடத்திய ஒரு ஆய்வு 2020இல் வெளியானது. புரோபயாடிக்கை மட்டும் எடுத்த பிரிவில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை போலி மாத்திரையைவிடச் சொல்லிக்கொள்ளும்படி இறங்கவில்லை. சிறிய ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கும் தொகுப்புகள் சிறு நன்மை இருப்பதாகச் சொல்கின்றன. சிறு நன்மை என்பதில் ‘சிறு’ என்ற சொல்லுக்கும் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

சரி, கையில் ஏற்கெனவே ஒரு டப்பா இருக்கிறது, என்ன செய்வது? முதலில் பெயரைப் படியுங்கள். பேரினம், சிற்றினம், அதற்குப் பின்னால் வரும் எண்ணோ எழுத்தோ மூன்றும் இருந்தால்தான் அது எந்த ஆய்வோடும் ஒப்பிடத் தக்கது. வெறும் ‘லாக்டோபேசிலஸ்’ என்று போட்டிருந்தால் ‘நாய்’ என்று போட்ட மாதிரி. காவல் காக்குமா, மடியில் படுக்குமா என்று தெரியாது. 2020இல் அந்தப் பேரினத்தையே 25ஆக உடைத்துவிட்டதால் ராய்ட்டரியின் இப்போதைய பெயர் லிமோசிலாக்டோபேசிலஸ் ராய்ட்டரி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான், குழம்ப வேண்டாம். நொதித்த உணவுகள் நல்லவையாக இருக்கலாம், ஆனால் அவற்றில் இருப்பது ஆய்வில் கொடுத்த வகையும் அளவும் ஆகாது.

ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் வாயுத் தொல்லைக்கு மேல் ஒன்றும் வராது. நோயெதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்கள், ரத்தக் குழாயில் நிரந்தரக் குழாய் பொருத்தியவர்கள், கடுமையான கணைய அழற்சியில் இருப்பவர்கள் தொடவே கூடாது. கடைசியாகச் சொன்னது வெறும் முன்னெச்சரிக்கை அல்ல. 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் கடும் கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாடிக் கொடுத்த பிரிவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காத பிரிவில் 6 சதவீதம். நன்மை செய்யும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள்.

எலும்பைக் காக்க மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம் டப்பாவைவிட மாத்திரைச் சீட்டில்தான் அதிகம் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண், ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்தவர், பல ஆண்டாகப் பியோகிளிட்டசோன் எடுப்பவர் என்றால் அந்த மருந்துக்கு மாற்று உண்டா என்று கேட்கலாம். தாமாக நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அதே மருந்து சிலருக்குப் பக்கவாதத்தைத் தள்ளிப் போடுகிறது. அடர்த்தி ஸ்கேன் எடுத்தால், முடிவு ‘சாதாரணம்’ என்று வந்தாலும் நீரிழிவைக் கணக்கில் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி குறைந்திருந்தால் அதை ஏற்றிக்கொள்வது, தாழ்சர்க்கரை வராமல் பார்ப்பது, பாதத்தின் உணர்வையும் கண்ணையும் சோதிப்பது, தேவைப்பட்டால் எலும்புக்கென்றே உள்ள மருந்துகள். ஊசி போட்டு எடை குறைப்பவர்களுக்கு ஒரு தெளிவான செய்தி இருக்கிறது: லிராகுளுடைடு என்ற ஜிஎல்பி-1 மருந்தை மட்டும் எடுத்தவர்களுக்கு ஓராண்டில் இடுப்பிலும் முதுகெலும்பிலும் அடர்த்தி குறைந்தது, அதோடு ஒழுங்காக உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு எடை இன்னும் நன்றாகக் குறைந்தும் எலும்பு காப்பாற்றப்பட்டது. இந்த முடிவு மனிதர்களிடம் கிடைத்தது.

புரோபயாடிக் வாதத்தைச் சோதிப்பது உண்மையில் அவ்வளவு கடினமும் இல்லை. எலும்பு முறிவை எண்ணவேண்டும் என்றால் ஆயிரக்கணக்கான பேரும் பல ஆண்டுகளும் தேவை, யாரும் பணம் போடத் தயங்குவார்கள். ஆனால் கிளிட்டசோன் எலும்புக் கட்டுமானத்தை அமுக்குவது நாலே வாரத்தில் ரத்தத்தில் தெரிகிறது என்று அந்த 50 பெண்களின் ஆய்வு 2007லேயே காட்டிவிட்டது. பியோகிளிட்டசோனைப் புதிதாகத் தொடங்கும் பெண்களில் பாதிப் பேருக்கு ராய்ட்டரியும் மீதிப் பேருக்குப் போலிப் பொடியும் கொடுத்து, 14 வாரம் அதே குறியீடுகளை அளந்தால் போதும். கட்டுமானம் அமுங்கவில்லை என்றால் பெரிய ஆய்வுக்குப் போகலாம். இரு பிரிவிலும் ஒரே மாதிரி அமுங்கினால், கிளிட்டசோனின் கதவுக்கு இந்தப் பூட்டு பொருந்தாது என்று அங்கேயே தெரிந்துவிடும்.